சாரமும் வாரியமும்: தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாறு (1923–2020)

ஆய்வுச் சுருக்கம்

கட்டுமானத் தொழிலாளர்களின் உயிர்ப் பாதுகாப்பைக் குறித்து இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் இருவகை நோக்கங்களைக் கொண்டுள்ளன. விபத்து நிகழாமல் தடுப்பது ஒன்று. நிகழ்ந்த பின் ஈடு செய்வது மற்றொன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொடங்கி 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வரையிலான வளர்ச்சியில் இரண்டாவது நோக்கம் தொடர்ந்து விரிவடைந்துள்ளது. முதலாவது நோக்கமோ பெரிய வேலைக்களங்களின் எல்லைக்குள் நின்றுவிட்டது. 1982இல் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வேலையை ஒழுங்குபடுத்துவதை நோக்கமாகக் கொண்டிருந்தும் 1994இல் அது நலத்திட்டமாக வடிவெடுத்ததே இப்பிரிவின் திருப்புமுனை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்

கட்டுமானத் தொழிலாளர், சாரம், நல வாரியம், தொழிலாளர் இழப்பீடு, பணியிடப் பாதுகாப்பு, மேஸ்திரி முறை, மௌலிவாக்கம்.

முன்னுரை

தமிழகத் தொழிலாளர் வரலாற்று ஆய்வுகள் பெரிதும் ஆலைத் தொழிலாளர், தோட்டத் தொழிலாளர், இரயில்வேத் தொழிலாளர் ஆகியோரை மையப்படுத்தியே வளர்ந்துள்ளன. ஆலைக்கு வாயில் உண்டு. வருகைப் பதிவேடு உண்டு. முதலாளி இன்னார் என்ற தெளிவும் உண்டு. எனவே ஆவணங்களும் உண்டு. கட்டுமானத் தொழிலாளரின் நிலை வேறு. அவர் எழுப்பும் கட்டிடமே அவருடைய வேலைக்களம். கட்டிடம் முடிந்தவுடன் அந்த வேலைக்களம் மறைந்துவிடுகிறது. அங்கு நிகழ்ந்த விபத்தின் தடயமும் பூச்சுக்குள் மறைந்துவிடுகிறது. இதனால் இத்தொழிலாளரின் வரலாற்றை எழுதுவதற்குச் சட்டங்களும் விதிகளும் தீர்ப்புகளுமே முதன்மைச் சான்றுகளாக எஞ்சுகின்றன.

இச்சான்றுகளை வாசிக்கும்போது ஒரு முரண் புலப்படுகிறது. கட்டுமானத் தொழிலாளருக்கென முன்னதாகவே நல வாரியம் அமைத்த மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. எனினும் சாரம் சரிந்தும் மண் சரிந்தும் தொழிலாளர் இறப்பது நாளிதழ்களில் வழக்கமான செய்தியாகவே நீடிக்கிறது. வாரியம் வலுப்பெற்ற அளவிற்குச் சாரம் வலுப்பெறாதது ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா. நடைமுறைப்படுத்துதலில் உள்ள குறை என்ற வழக்கமான விடை முழுமையானதன்று. சட்டங்கள் எவ்வாறு எழுதப்பட்டன, எவ்விடத்தில் திசை மாறின என்பதை வரலாற்று முறையில் நோக்கும்போதே விடை தெளிவாகிறது.

1. பன்னிரண்டு அடி உயரம்: இழப்பீட்டுச் சட்டத்தின் பார்வை

1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே கட்டிடத் தொழிலாளரைச் சட்டத்தின் பார்வைக்குக் கொண்டுவந்த தொடக்ககாலச் சட்டங்களுள் முதன்மையானது. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேரும் காயத்திற்கு வேலையளிப்பவர் ஈடு தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. வேலையளிப்பவரின் கவனக்குறைவைத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்ற வகையில் அது ஒரு பெரும் முன்னேற்றம்.

ஆயினும் யார் தொழிலாளி என்பதை அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரையறுத்த முறை கவனத்திற்குரியது. கட்டிட வேலையைப் பொறுத்தவரை அது உயரத்தை அளவுகோலாகக் கொண்டது. பின்னாளில் நிலைபெற்ற வடிவத்தின்படி, தரைக்கு மேல் ஒரு மாடிக்கு மேற்பட்டதாகவோ, தரையிலிருந்து கூரை முகடு வரை 12 அடியோ அதற்கு மேலோ உயரமுடையதாகவோ இருக்கும் கட்டிடத்தில் வேலை செய்பவரே அட்டவணைக்குள் வருவார். ஆபத்து உயரத்தில்தான் உள்ளது என்ற கருத்து இதில் தெளிவாகிறது. பொதுப்பணி ஒப்பந்தங்களுடன் மத்தியப் பொதுப்பணித் துறை இணைத்துவரும் பாதுகாப்பு நெறிகளிலும் 3.6 மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 அடிக்கு மேற்பட்ட சாரத்திற்கே கைப்பிடித் தடுப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இரண்டிற்கும் நேரடித் தொடர்பு உண்டெனக் கொள்ள இயலாவிடினும், ஒரே அளவு ஈரிடங்களிலும் எல்லையாக நிற்பது குறிப்பிடத்தக்கது.

மற்றொரு வரையறை இதனினும் ஆழமான விளைவை ஏற்படுத்தியது. தற்காலிகத் தன்மையுள்ள வேலையில், வேலையளிப்பவரின் தொழில் அல்லது வணிகத்திற்குத் தொடர்பில்லாத பணிக்காக அமர்த்தப்பட்டவர் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் ஓர் அலுவலரோ வணிகரோ நாட்கூலிக்கு அமர்த்தும் கொத்தனாரும் சித்தாளும் இவ்விலக்கிற்குள் எளிதில் தள்ளப்படக்கூடியவர்கள். இவ்விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே நீக்கப்பட்டது. எனவே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, சிறு வீட்டுக் கட்டுமானத்தில் உழைத்தவரின் உடல் இழப்பீட்டுச் சட்டத்தின் விளிம்பிலேயே இருந்தது எனலாம்.

இச்சட்டத்தின் 12ஆம் பிரிவு ஒப்பந்தக்காரர் அமர்த்திய தொழிலாளருக்கும் முதன்மை வேலையளிப்பவரைப் பொறுப்பாக்கியது. கோட்பாட்டளவில் இது வலுவான பிரிவு. ஆனால் அதுவும் முதன்மையாளர் தம் தொழில் அல்லது வணிகத்தின் பகுதியாக அவ்வேலையைச் செய்வித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. மேலும் இழப்பீட்டுச் சட்டம் விபத்திற்குப் பின்னரே பேசத் தொடங்குகிறது. சாரம் எப்படிக் கட்டப்படவேண்டும் என்பது அதன் பொருளன்று.

2. சாரமும் மேஸ்திரி முறையும்

சட்டத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ளத் தொழிலின் அமைப்பையும் நோக்க வேண்டும். தமிழகக் கட்டிடத் தொழிலில் கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் வேலை செய்பவர், பெரியாள், சித்தாள் எனப் பணிப்பிரிவுகள் உண்டு. இவர்களை ஒருங்கிணைப்பவர் மேஸ்திரி. வீட்டு உரிமையாளரோ பொறியாளரோ மேஸ்திரியிடம் வேலையைப் பேசிவிடுவர். மேஸ்திரி அன்றன்று தேவையான ஆட்களைத் தம் ஊரிலிருந்தோ, காலையில் தொழிலாளர் கூடும் தெருமுனையிலிருந்தோ அழைத்துவருவார். இம்முறையில் வேலையளிப்பவர் யார் என்ற வினாவிற்கு உரிமையாளர், பொறியாளர், மேஸ்திரி என மூன்று விடைகள் கிடைக்கின்றன. விபத்து நேரும்போது மூவரும் ஒருவரை ஒருவர் சுட்டுவதற்கு இதுவே இடமளிக்கிறது.

சாரத்தின் பொருளாதாரமும் இம்முறையிலேயே அடங்கியுள்ளது. நெடுங்காலம் தமிழகத்தில் சவுக்குக் கழிகளைக் கயிற்றால் பிணைத்தே சாரம் கட்டப்பட்டது; இரும்புக் குழாய்ச் சாரம் பிற்காலத்தில் பரவியது. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசப்படும் ஒப்பந்தத்தில் சாரத்திற்கெனத் தனித்தொகை ஒதுக்கப்படுவது அரிது. கழி, பலகை, முட்டு ஆகியன பேசிய தொகைக்குள்ளேயே அடங்கும் செலவுகளாகும்போது, பலகையின் அகலத்தைக் குறைப்பதும் கைப்பிடிக் கழியைத் தவிர்ப்பதும் மேஸ்திரிக்கு எஞ்சும் தொகையைக் கூட்டுகின்றன. ஆகவே பாதுகாப்பற்ற சாரத்தைத் தனிமனித அலட்சியத்தின் விளைவாக மட்டும் காண்பது பொருந்தாது. வேலை பேசப்படும் முறையே அதனை உருவாக்குகிறது.

சென்னையில் எல்.ஐ.சி. கட்டிடம் 1959இல் திறக்கப்பட்டது நகரின் உயர்கட்டிட வரலாற்றில் ஒரு தொடக்கம். அதன் பின்னர் கற்காரைக் கட்டிடங்கள் மேல்நோக்கி வளர்ந்தன. வேலையின் உயரமும் பளுவும் மாறின. மேஸ்திரி முறையோ பெரிதும் மாறவில்லை. தொழில்நுட்ப நெறிகள் இக்காலத்தில் எழுதப்படாமல் இல்லை. இந்தியத் தர நிறுவனம் சாரம், ஏணி, மண் தோண்டுதல் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு நெறிகளை 1960களில் வெளியிட்டது. 1970இல் வெளிவந்த தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் 7ஆம் பகுதி கட்டுமான நடைமுறையையும் பாதுகாப்பையும் பற்றியது. ஆனால் இவை பரிந்துரைகள். ஒப்பந்தத்திலோ விதியிலோ சேர்க்கப்பட்டாலன்றி அவற்றிற்குச் சட்டவலிமை இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஏற்படுத்திய ஆய்வாளர் முறையும் கட்டுமான வேலைக்களத்தை எட்டவில்லை.

3. துறைமுகமும் சுமைப்பணியும் காட்டிய வழி

நாள்தோறும் வேலையளிப்பவர் மாறும் தொழிலில் பொறுப்பை எவ்வாறு நிலைநிறுத்துவது என்ற சிக்கல் கட்டுமானத்திற்கு மட்டும் உரியதன்று. துறைமுகத் தொழிலிலும் அதுவே நிலை. 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டம் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தது. அரசு, வேலையளிப்பவர், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரைக் கொண்ட வாரியம் தொழிலாளரைப் பதிவு செய்து, சுழற்சி முறையில் வேலைக்கு அனுப்பும். கப்பலுக்குக் கப்பல் வேலையளிப்பவர் மாறினாலும் வாரியம் மாறுவதில்லை. மகாராட்டிரத்தின் 1969ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டம் இம்முறையைச் சுமைதூக்கும் தொழிலாளருக்கு விரித்தது. அங்குத் தொழிலாளரோடு வேலையளிப்பவரும் பதிவு செய்யப்பட்டனர். ஊதியமும் அதன்மேல் விதிக்கப்பட்ட கட்டணமும் வாரியத்தின் வழியே சென்றன.

இவ்விரு சட்டங்களிலும் வாரியம் என்பது உதவித்தொகை வழங்கும் அலுவலகம் அன்று. வேலை உறவின் ஒரு தரப்பு. பாதுகாப்பைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு மிக முக்கியமானது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1937இல் கட்டிடத் தொழில் பாதுகாப்பு குறித்த 62ஆம் உடன்படிக்கையையும், அதனைத் திருத்தி 1988இல் 167ஆம் உடன்படிக்கையையும் ஏற்றது. பின்னதன் 12ஆம் கூறு, உடனடியான கடும் ஆபத்து உண்டென நம்பத் தகுந்த காரணம் இருக்கும்போது அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளருக்கு வழங்குகிறது. இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை. ஏற்புறுதி செய்திருப்பினும் ஒரு வினா எஞ்சும். பலகை ஆடுகிறது, ஏறமாட்டேன் என்று இன்று சொல்லும் சித்தாளுக்கு நாளைய வேலையை உறுதி செய்பவர் யார்? வேலை உறுதி இல்லாத இடத்தில் மறுக்கும் உரிமை ஏட்டளவிலேயே நிற்கும். வேலை ஒழுங்குமுறையும் உயிர்ப் பாதுகாப்பும் பிரிக்க இயலாதவை என்பதற்கு இதுவே காரணம்.

4. 1982 முதல் 1994 வரை: ஒழுங்குமுறையிலிருந்து நலத்திற்கு

1970களின் இறுதியிலும் 1980களிலும் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்கள் தனிச் சங்கங்களாகத் திரண்டனர். ஆலைச் சங்கங்களைப் போல ஒரு முதலாளியை எதிர்கொண்டு கோரிக்கை வைக்க இயலாத நிலையில், இச்சங்கங்கள் அரசையே தம் கோரிக்கைகளின் இலக்காகக் கொண்டன. இப்பின்புலத்தில் 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர்கள் (வேலை ஒழுங்குமுறை மற்றும் பணி நிலைமைகள்) சட்டம் இயற்றப்பட்டது. அதன் பெயரிலேயே ஒழுங்குமுறை என்ற சொல் இடம்பெற்றுள்ளது. பல்வேறு உடலுழைப்புப் பணிகளுள் கட்டிட வேலையும் அதன் அட்டவணையில் அடங்கும். தொழில்வாரியாகத் திட்டங்களை உருவாக்கவும் வாரியங்களை அமைக்கவும் அச்சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது.

தேசிய அளவிலும் இதே சிந்தனை வளர்ந்தது. 1985இல் கட்டுமானத் தொழிலாளருக்கான மையச் சட்டத்தைக் கோரும் தேசிய இயக்கக் குழு உருவானது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அக்குழு ஒரு மாதிரி மசோதாவை உருவாக்கி நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. வேலையை ஒழுங்குபடுத்தும் முத்தரப்பு வாரியமே அம்மசோதாவின் உயிர்நாடி. தமிழகச் சங்கங்களுக்கும் இவ்வியக்கத்தில் குறிப்பிடத்தக்க பங்கு இருந்தது.

1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கட்டுமானத் தொழிலாளருக்கான திட்டம் 1994இல்தான் வடிவம் பெற்றது. அதன் பெயரில் ஒழுங்குமுறை என்ற சொல் இல்லை. நலத்திட்டம் என்ற சொல்லே இருந்தது. அதே ஆண்டில் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் தொழிலாளரைப் பதிவு செய்தது. அடையாள அட்டை வழங்கியது. விபத்து மரணம், இயற்கை மரணம், பிள்ளைகளின் கல்வி, திருமணம், மகப்பேறு ஆகியவற்றுக்கு உதவித்தொகை வழங்கியது. கட்டிட அனுமதி வழங்கும் உள்ளாட்சி அமைப்புகளின் வழியே கட்டுமான மதிப்பில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவான பங்கு நிதியாகத் திரட்டப்பட்டது. வேலையளிப்பவர் பதிவு, வேலைப் பகிர்வு, ஊதியம் வாரியத்தின் வழிச் செல்லுதல் ஆகிய மாத்தாடி முறையின் கூறுகள் இதில் இடம்பெறவில்லை.

இம்மாற்றத்தைச் சங்கங்களின் தோல்வியாகவோ அரசின் சூழ்ச்சியாகவோ எளிமைப்படுத்துவது பொருந்தாது. ஆயிரக்கணக்கான மேஸ்திரிகளையும் இலட்சக்கணக்கான சிறு உரிமையாளர்களையும் வேலையளிப்பவராகப் பதிவு செய்வது துறைமுகத்தில் சில நிறுவனங்களைப் பதிவு செய்வது போன்றதன்று. கையில் கிடைக்கும் உதவித்தொகை உறுப்பினரைச் சங்கத்தில் நிலைநிறுத்தவும் பயன்பட்டது. அரசின் ஏடுகளில் தொழிலாளி என்ற பெயரே இல்லாதிருந்த ஒருவருக்கு வாரியத்தின் அடையாள அட்டை ஒரு குடிமை அங்கீகாரமாகவும் அமைந்தது. குறிப்பாகக் கொத்தனார் நிலைக்கு உயரும் வாய்ப்பு மறுக்கப்பட்டு வாழ்நாள் முழுவதும் சித்தாளாகவே உழைத்த பெண்களுக்கு இவ்வங்கீகாரம் பெரும் பொருளுடையது. எனினும் இதன் விலையாகக் கைவிடப்பட்டது எது என்பதையும் வரலாறு பதிவு செய்தாக வேண்டும். வாரியம் தொழிலாளியை அறிந்தது. அவர் எந்தச் சாரத்தில் நிற்கிறார் என்பதை அறியவில்லை.

5. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரு கூறுகள்

நடுவண் அரசு 1988இல் மாநிலங்களவையில் ஒரு மசோதாவை முன்வைத்தது. இயக்கக் குழுவின் கோரிக்கைகளை அது நிறைவு செய்யவில்லை. 1995 நவம்பரில் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1996 ஆகஸ்டில் கட்டிட மற்றும் பிற கட்டுமானத் தொழிலாளர்கள் (வேலை ஒழுங்குமுறை மற்றும் பணி நிலைமைகள்) சட்டமும், அதனுடன் இணைந்த நலவரிச் சட்டமும் இயற்றப்பட்டன. முன்னதன் பெயரிலும் வேலை ஒழுங்குமுறை உண்டு. உள்ளடக்கத்தில் வேலைப் பகிர்வு இல்லை. 1982–1994 காலத்தில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த நகர்வு தேசிய அளவில் ஒரே சட்டத்திற்குள் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

இச்சட்டம் பாதுகாப்பு, நலம் என்னும் இரு கூறுகளை உடையது. பாதுகாப்புக் கூற்றின்படி வேலையளிப்பவர் போதிய மேற்பார்வை செய்யவேண்டும். விபத்தை அறிவிக்க வேண்டும். 500 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனத்தில் பாதுகாப்புக் குழுவும் பாதுகாப்பு அலுவலரும் இருக்கவேண்டும். 1998ஆம் ஆண்டு மத்திய விதிகள் சாரம், மண் தோண்டுதல், இடித்தல், தூக்கு எந்திரங்கள் என ஒவ்வொன்றிற்கும் விரிவான நெறிகளை வகுத்தன. தமிழ்நாடு தனக்கான விதிகளை 2006இல் வெளியிட்டது. முன்னர்ப் பரிந்துரையாக மட்டுமே இருந்த பல தொழில்நுட்ப நெறிகள் இவ்வாறு சட்டவலிமை பெற்றன. இது மறுக்கவியலாத சாதனை.

ஆனால் இச்சட்டத்தின் எல்லைகளை எண்களாக வரிசைப்படுத்தினால் அதன் உள்ளமைப்பு வெளிப்படுகிறது. 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் சட்டத்திற்குள் வராது. தனிநபர் தம் குடியிருப்புக்காகக் கட்டும் 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத வீடும் வராது. 50க்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் இருந்தாலே குழந்தைகள் காப்பிடம் வேண்டும். 250 பேர் இருந்தாலே உணவகம். 500 பேர் இருந்தாலே பாதுகாப்பு அலுவலர். நலக் கூற்றிலோ நிலை வேறு. 18 முதல் 60 வயதிற்குட்பட்டு, முந்தைய 12 மாதங்களில் 90 நாட்கள் கட்டுமானப் பணி செய்த எவரும் பயனாளியாகப் பதிவு பெறலாம். நலம் தனிமனிதரைப் பின்தொடர்கிறது. பாதுகாப்பு வேலைக்களத்தின் அளவைப் பின்தொடர்கிறது. மூன்று கொத்தனாரும் நான்கு சித்தாளும் வேலை செய்யும் ஓர் இரண்டு மாடி வீட்டில், எழுவரும் வாரியத்தின் பயனாளிகளாக இருக்கலாம். அவர்கள் நிற்கும் சாரத்தை ஆய்வு செய்யும் கடமை இச்சட்டத்தின்கீழ் எவருக்கும் இல்லை.

தண்டனைப் பிரிவும் இதே பார்வையைக் காட்டுகிறது. பாதுகாப்பு விதிகளை மீறுவோருக்கு 47ஆம் பிரிவு விதிக்கும் உச்சத் தண்டனை மூன்று மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் ஆகும். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வரை கூடுதல் அபராதம். ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்திற்கு முறையான சாரம் அமைக்கும் செலவோடு ஒப்பிடும்போது இவ்வபராதம் தடுக்கும் ஆற்றலற்றது.

நிருவாக அமைப்பும் இரண்டாகவே பிரிந்தது. தமிழ்நாட்டில் பதிவும் உதவித்தொகையும் நல வாரியத்தின் பொறுப்பு. பாதுகாப்பு விதிகளின் ஆய்வு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு. பின்னது தொழிற்சாலை ஆய்வகத்தின் மரபில் வந்தது. வாயிலும் உரிமமும் உடைய ஆலையை ஆய்வு செய்யப் பழகிய ஓர் அமைப்பு, சில மாதங்களில் தோன்றி மறையும் வேலைக்களங்களைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று.

6. திரண்ட நிதியும் எழுந்த வழக்கும்

நலவரிச் சட்டம் கட்டுமானச் செலவில் 1 முதல் 2 விழுக்காடு வரை வரி விதிக்க இடமளித்தது. 1 விழுக்காடு நடைமுறைப்படுத்தப்பட்டது. ஒப்பந்தக்காரர்கள் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், இது பொது வரி அன்று, குறிப்பிட்ட பயனுக்கான கட்டணமே என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துச் சட்டத்தை நிலைநிறுத்தியது.

நிதி திரண்டது, பயன் சேரவில்லை. இயக்கக் குழு 2006இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இதனை வெளிக்கொணர்ந்தது. 2018 மார்ச் 19இல் நீதியரசர்கள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா ஆகியோர் வழங்கிய தீர்ப்பு, நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருந்தும் ஏறத்தாழ 9,500 கோடி ரூபாயே செலவிடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தது. தொழிலாளர் நல வரலாற்றில் இத்தீர்ப்பு முக்கியமானது. எனினும் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த இவ்வழக்கின் மையம் பெரிதும் பதிவும் நிதியுமாகவே அமைந்தது என்பதையும் காண வேண்டும். செலவிடப்படாத கோடிகள் கணக்கிடப்பட்டன, இறந்தோர் கணக்கிடப்படவில்லை.

கணக்கின்மை தற்செயலானதன்று. கட்டுமானக் களத்தில் ஒருவர் இறந்தால் காவல் நிலையத்தில் இயற்கைக்கு மாறான மரணமாகவோ, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவின்கீழ்க் கவனக்குறைவால் நேர்ந்த மரணமாகவோ அது பதிவாகிவந்தது. அதே மரணம் இழப்பீட்டு ஆணையரிடம் ஒரு கோரிக்கையாகவும், வாரியத்தில் ஓர் உதவித்தொகை விண்ணப்பமாகவும், ஆய்வகத்தில் ஒரு விபத்து அறிவிப்பாகவும் பதிவாகலாம்; எதிலும் பதிவாகாமலும் போகலாம். நான்கு ஏடுகளையும் ஒன்றிணைத்து, எந்த வகைச் சாரத்தில், எந்த வேலையின்போது, யாருடைய ஒப்பந்தத்தில் மரணம் நேர்ந்தது என்று கூறும் கடமை எந்த அலுவலகத்திற்கும் அளிக்கப்படவில்லை. காரணம் பதிவாகாதபோது தடுப்பும் திட்டமிடப்படுவதில்லை.

7. மௌலிவாக்கம், 2014

2014 ஜூன் 28ஆம் நாள், சனிக்கிழமை மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடிக்கப்படாத 11 மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து வீழ்ந்தது. 61 பேர் உயிரிழந்தனர். இறந்தோருள் ஆந்திரம், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர். தமிழ்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் கட்டுமான வேலைக்களத்தில் நேர்ந்த பெருந்துயரங்களுள் இது ஒன்று. ஓய்வுபெற்ற நீதியரசர் ஆர். ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதே வளாகத்தில் எஞ்சிநின்ற மற்றொரு கட்டிடம் 2016 நவம்பர் 2இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இந்நிகழ்வு இருவகையில் ஆய்விற்குரியது. முதலாவதாக, இது சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருந்த சிறு வீடு அன்று. அனுமதி பெற்று எழுந்த அடுக்குமாடிக் கட்டிடம். ஆகவே எண்ணிக்கை எல்லைகளைக் குறைப்பது மட்டுமே தீர்வாகாது என்பதை இது உணர்த்துகிறது. இரண்டாவதாக, இதன் பின்னர் எழுந்த பொதுவிவாதம் பெரிதும் கட்டிடத்தின் உறுதியையும் வீடு வாங்குவோரின் நம்பிக்கையையும் சுற்றியே அமைந்தது. 2016ஆம் ஆண்டு நடுவண் மனை வணிகச் சட்டம், கட்டிட அமைப்பில் காணும் குறைகளுக்கு, உடைமையை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுகள் வரை கட்டுமான நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் பதிவுபெற்ற பொறியாளரின் பொறுப்பை வரையறுக்கின்றன. இவை தேவையானவையே. ஆனால் கட்டிடத்தில் குடியேறப் போகிறவரின் பாதுகாப்பும் அதனைக் கட்டுகிறவரின் பாதுகாப்பும் வெவ்வேறு சட்டங்களுக்கும் வெவ்வேறு அலுவலகங்களுக்கும் உரியனவாகவே நீடித்தன. மௌலிவாக்கத்தில் இறந்தவர்கள் அவ்வீடுகளை வாங்கியவர்கள் அல்லர்.

8. 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு

2020 செப்டம்பரில் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 13 சட்டங்களைத் தன்னுள் அடக்கியது. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் ஒன்று. நலவரியும் நல வாரியமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிற்கு மாற்றப்பட்டன. இதனால் 1996இல் ஒரே சட்டத்தின் இரு கூறுகளாக இருந்தவை இப்போது இரு தனிச் சட்டங்களாயின.

இத்தொகுப்பில் முன்னேற்றமும் பின்னேற்றமும் உண்டு. கட்டுமானத்தில் பாதுகாப்பு அலுவலருக்கான எல்லை 500இலிருந்து 250ஆகக் குறைக்கப்பட்டது. மறுபுறம், விலக்கு பெறும் சொந்தக் குடியிருப்பின் மதிப்பு 10 இலட்சம் ரூபாயிலிருந்து 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 10 பேர் என்ற எல்லையும் நீடிக்கிறது. கால் நூற்றாண்டின் விலையேற்றத்தைக் கருதினால் தொகையை உயர்த்தியதற்கு நியாயம் கூறலாம். ஆனால் விலையேற்றத்தால் கூடுவது கட்டிடத்தின் மதிப்பே அன்றி, விழும் உயரம் குறைவதில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தை அடிக்கணக்கில் அளந்தது; 2020ஆம் ஆண்டுச் சட்டம் ரூபாய்க்கணக்கிலும் தலைக்கணக்கிலும் அளக்கிறது. குறைபாடு உடையதாயினும் முன்னைய அளவுகோல் ஆபத்தின் தன்மையோடு தொடர்புடையதாக இருந்தது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பின் வரலாறு சட்டமின்மையின் வரலாறு அன்று. கடந்த ஒரு நூற்றாண்டில் சட்டங்கள் பெருகியுள்ளன; தொழிலாளர் இயக்கங்களின் உழைப்பால் நலத்திட்டங்கள் விரிந்துள்ளன. எனினும் இழப்பீடு, நலம், தடுப்பு ஆகிய மூன்றும் ஒரே வேகத்தில் வளரவில்லை. வேலை ஒழுங்குமுறையைக் கோரிப் பிறந்த இயக்கத்திற்கு நலத்திட்டம் கிடைத்தது. அது பெற்றுத்தந்த அங்கீகாரம் பெரிது. ஆனால் வேலைக்களத்திற்கும் வாரியத்திற்கும் இடையே ஏற்பட்ட இடைவெளி இன்றளவும் அடைபடவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, பாதுகாப்பின் எல்லையை ஆட்களின் எண்ணிக்கையாலும் கட்டிடத்தின் மதிப்பாலும் வரையறுப்பது, பெரும்பாலான சிறு வேலைக்களங்களைத் தடுப்பு முறையிலிருந்து விலக்கிவிடுகிறது. உயரம், குழியின் ஆழம், இடிப்பு வேலை போன்ற ஆபத்தின் தன்மையே எல்லையாதல் வேண்டும். இரண்டாவது, நலவரி கட்டிட அனுமதியின் போதே வசூலிக்கப்படுவதால் எங்கே கட்டுமானம் தொடங்குகிறது என்ற செய்தி அரசின் கையில் ஏற்கெனவே உள்ளது. வரி வசூலிக்கப் பயன்படும் அச்செய்தியைச் சாரத்தை ஆய்வு செய்யவும் பயன்படுத்துவதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. மூன்றாவது, வாரியத்திற்கு வரும் ஒவ்வொரு விபத்து மரண விண்ணப்பமும் உதவித்தொகைக்கான மனு மட்டுமன்று. அது ஒரு வேலைக்களத்தைப் பற்றிய சாட்சியமும் ஆகும். அவ்விண்ணப்பங்கள் காரணவாரியாகத் தொகுக்கப்படுமானால், தொழிலாளர் வரலாற்று ஆய்விற்கும் தடுப்பு நடவடிக்கைக்கும் ஒருசேரப் பயன்படும் ஆவணத் தொகுதியாக அவை அமையும்.